மாமனார் விட்டுச்சென்ற பீப்பாய்கள்

2016 அக்டோபரில் என் மாமனார் காலமானார். அடக்கம் முடிந்த மறுவாரம், குடும்பத்தின் சொத்து ஆவணங்களைப் பார்த்துவந்த நோத்தேர் எங்களை அழைத்து, வீடு, பன்னிரண்டு எக்டேர் திராட்சைத் தோட்டம், டிராக்டர், வங்கிக் கணக்கு என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டே வந்தார். பிறகு, "கிடங்கில் இருக்கும் ஓ-த-வீ எவ்வளவு, எந்தெந்த ஆண்டுகளைச் சேர்ந்தது?" என்று கேட்டார். திராட்சை ஒயினை வடித்து எடுக்கும் சாராயத்துக்கு இங்கே அதுதான் பெயர். என் கணவரும் அவருடைய அக்காவும் தம்பியும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தக் கிடங்கின் சாவி நாற்பது ஆண்டுகளாக மாமனாரின் இடுப்பிலேயே இருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்பது அவருடைய மனத்தில் மட்டுமே இருந்தது.

நான் புதுச்சேரியில் பிறந்தவள். படிக்க பிரான்சுக்கு வந்து, கணக்காளராக வேலை பார்த்து, 2004-இல் இந்தக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டேன். எங்கள் வீடு, கொன்யாக் என்னும் பிராந்திக்குப் பெயர் தந்த கொன்யாக் நகரத்துக்குத் தெற்கே, செகோன்சாக் பக்கத்தில், கிராந்த் ஷாம்பாஞ் எனப்படும் சுண்ணாம்பு நிலத்தில் இருக்கிறது. நுரைக்கும் ஷாம்பெயினுக்கும் இந்த ஊருக்கும் தொடர்பில்லை. வெளுத்த சுண்ணாம்பு மண் ஒன்றே இரண்டுக்கும் பொது. கணக்குப் பார்க்கத் தெரிந்தவள் என்பதால், கிடங்கின் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. அந்த ஆறு மாதங்களில் நான் கற்றுக்கொண்டதைப் பழைய சரக்கு எதையும் வாரிசாகப் பெறப்போகும் குடும்பங்களுக்குப் பயன்படக்கூடும் என்ற எண்ணத்தில் எழுதுகிறேன்.

முதலில், ஒரு விவசாயக் குடும்பத்தில் இவ்வளவு பழைய சரக்கு எப்படிச் சேர்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். ஹென்னெஸி, மார்த்தெல், ரெமி மார்த்தான் போன்ற பெரிய நிறுவனங்களின் பெயர்களையே உலகம் அறியும். ஆனால் அவற்றுக்குச் சரக்கு கொடுப்பவர்கள் எங்களைப் போன்ற ஆயிரக்கணக்கான திராட்சை விவசாயிகள்தான். விளைச்சலின் பெரும்பகுதி ஒப்பந்தப்படி பெரிய நிறுவனத்துக்குப் போய்விடும். நல்ல ஆண்டுகளில் ஒன்றிரண்டு பீப்பாய்களை மட்டும் குடும்பம் நிறுத்திவைத்துக்கொள்ளும். நம் பக்கத்தில் விளைச்சல் நன்றாக இருந்த வருடம் நகை வாங்கிப் பெட்டியில் வைப்பதுபோல, இங்கே பீப்பாயை நிரப்பிக் கிடங்கில் வைப்பார்கள். மகளின் கல்யாணம், வீட்டுக் கூரை மாற்றுதல், முதுமையில் வைத்தியச் செலவு என்று எல்லாவற்றுக்கும் அதுவே கையிருப்பு. அவ்வாறு மூன்று தலைமுறையாகச் சேர்ந்த முப்பத்தொரு பீப்பாய்களும், பிரம்பு சுற்றிய ஒன்பது பெரிய கண்ணாடிச் சாடிகளும் எங்கள் கிடங்கில் இருந்தன.

இந்தச் சரக்கு உண்டாகும் விதத்தை நான் நேரில் பார்த்தது மணமான முதல் குளிர்காலத்தில். உஞி பிளாங் என்னும் வெள்ளைத் திராட்சையிலிருந்து கிடைக்கும் ஒயின் புளிப்பு மிகுந்தது, வலு குறைந்தது. அப்படியே குடிக்க யாரும் விரும்பமாட்டார்கள். அந்தப் புளிப்புதான், கந்தகம் சேர்க்காமலே, வடிக்கும் நாள் வரை ஒயினைக் கெடாமல் காக்கிறது. அதை வாலை எனப்படும் செம்பு வடிகலத்தில் இருமுறை வடிக்க வேண்டும். அடுத்த ஆண்டு மார்ச் 31-க்குள் வடிப்பு முழுவதும் முடிந்துவிட வேண்டும் என்பது சட்டம். முதல் வடிப்பில் கிடைக்கும் கலங்கலான நீர் ஏறக்குறைய 30 விழுக்காடு வலு உடையது. இரண்டாம் வடிப்பில்தான் முதலில் வரும் தலைப்பகுதியையும் கடைசியில் வரும் வால்பகுதியையும் ஒதுக்கி, நடுவில் வரும் "இதயம்" என்ற பகுதியை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அதன் வலு 70 விழுக்காட்டையொட்டி இருக்கும். ஒரு லிட்டருக்கு ஒன்பது லிட்டர் ஒயினாவது செலவாகும்.

வாலைக்குப் பக்கத்தில் இரும்புக் கட்டில் போட்டு மாமனார் அங்கேயே படுத்துக்கொள்வார். குழாயிலிருந்து விழும் நீர்க்கம்பியின் ஓசை மாறியதும் தானாக எழுந்துவிடுவார். இரண்டு துளியை உள்ளங்கையில் விட்டு, கைகளைத் தேய்த்து, முகத்தருகே கொண்டுபோய் மூச்சை இழுப்பார். பிறகு என் கைகளிலும் இரண்டு துளி விடுவார். தலைப்பகுதி நகப்பூச்சைப்போல மூக்கை அறையும். இதயம் வரத் தொடங்கும்போது அந்தக் காரம் விலகி, பேரிக்காய்த் தோலும் கொடிப்பூவும் கலந்த மணம் எழும். "இப்போது" என்று ஒரே சொல் சொல்லிக் குழாயைத் திருப்புவார். அந்த நொடியை எனக்குக் கற்றுக்கொடுத்தவர், கிடங்கில் எந்தப் பீப்பாய் எது என்பதை மட்டும் யாருக்கும் சொல்லாமல் போய்விட்டார் என்பது இன்றும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அவர் மறைத்தார் என்று நான் நினைக்கவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்திருப்பார்.

கிடங்குக்குள் நாங்கள் விளக்கோடு நுழைந்தபோது சுவரெல்லாம் கரி பூசியதுபோல் இருந்தது. பீப்பாயிலிருந்து ஆவியாகும் சாராயத்தை உண்டு வளரும் ஒரு பூஞ்சையே அந்தக் கறுப்பு. இந்த ஊரின் பெயரையே தாங்கி அது பொதோனியா கொம்ப்னியாசென்சிஸ் என்று அழைக்கப்படுகிறது. சிலந்தி வலைகள் உத்தரத்திலிருந்து திரைபோலத் தொங்கின. மரத்தைத் துளைக்கும் பூச்சிகளைச் சிலந்தி தின்னும் என்பதால், வலையைத் துடைப்பம் தொடக்கூடாது என்பது மாமனாரின் கண்டிப்பான உத்தரவு. பீப்பாய்களின் முகப்பில் சுண்ணக்கட்டியால் எழுதிய எழுத்துகள் இருந்தன. பதினெட்டில் ஆண்டு தெளிவாக இருந்தது. ஏழில் பாதி அழிந்திருந்தது. ஐந்தில் அவருக்கு மட்டும் புரியும் குறிகள். ஒன்றில் எதுவுமே இல்லை.

அளக்கத் தொடங்கிய முதல் நாளே ஒரு தவறு செய்தோம். சாராயத்தின் வலுவைப் பார்க்கும் கண்ணாடி மிதப்பானை 1953-ஆம் ஆண்டு என்று எழுதியிருந்த பீப்பாயின் மாதிரியில் விட்டபோது அது 35 என்று காட்டியது. கொன்யாக் என்ற பெயரில் விற்பனைக்குப் போகும் எதுவும் 40 விழுக்காட்டுக்குக் குறையக்கூடாது. என் கணவருக்குக் கண் கலங்கிவிட்டது. மிதப்பானின் எண் 20 பாகை வெப்பத்துக்கு உரியது என்பதும், அன்று கிடங்கு 11 பாகையில் இருந்ததால் அளவு குறைவாகத் தெரிந்தது என்பதும் பக்கத்துத் தோட்டக்காரர் சொல்லித்தான் தெரிந்தது. திருத்தப் பட்டியலைப் பார்த்துக் கணக்கிட்டால் 38.6 வந்தது. பல ஆண்டுகள் மரத்தில் கிடந்த சரக்கில் மரத்தின் சாறு கரைந்திருக்கும். அதுவும் மிதப்பானைச் சிறிது ஏமாற்றும். ஆகவே இருபது முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட எதையும் கிடங்கில் அளந்ததோடு விட்டுவிடாமல், ஆய்வகத்துக்கு அனுப்பி உறுதிசெய்துகொள்ள வேண்டும். ஆய்வக முடிவும் 39-ஐ எட்டவில்லை.

இது எப்படி நேர்ந்தது என்பதைக் கணக்கு காட்டிக்கொடுத்தது. பீப்பாயிலிருந்து ஆண்டுக்கு ஏறக்குறைய 2 விழுக்காடு ஆவியாகும். தேவதைகளின் பங்கு என்று அதை இங்கே சொல்வார்கள். 350 லிட்டர் வைத்தால் அறுபத்திரண்டு ஆண்டுகளில் 100 லிட்டர்தான் மிஞ்சும். ஆனால் என்ன ஆவியாகிறது என்பது கிடங்கைப் பொறுத்தது. உலர்ந்த கிடங்கில் தண்ணீர் அதிகமாகப் போகும், வலு நிற்கும். ஈரக் கிடங்கில் சாராயம் அதிகமாகப் போகும், வலு இறங்கும். அந்த 1953 பீப்பாய் கிணற்றுச் சுவரையொட்டி, மண்தரையின் மேல், கிடங்கிலேயே ஈரமான மூலையில் இருந்தது. ஈரம் சரக்கை மிருதுவாக்கும் என்பதால் மாமனாரின் தந்தை அங்கே வைத்திருக்கலாம். தக்க காலத்தில் அதை வெளியே எடுக்க யாரும் நினைக்கவில்லை. ஈர மூலையில் இருப்பதை ஆண்டுதோறும் அளக்க வேண்டும். 45-க்கு அருகில் வந்ததும் இடம் மாற்ற வேண்டும், அல்லது கண்ணாடிக்கு மாற்ற வேண்டும். எங்களுக்கு இது மிகவும் தாமதமாகத் தெரிந்தது.

அந்த நூறு லிட்டரைக் காப்பாற்ற ஒரே வழி, வலு மிகுந்த வேறொரு பழைய பீப்பாயோடு கலப்பதுதான். மேல்தளத்தில், ஓட்டுக் கூரைக்குக் கீழே உலர்ந்த இடத்தில் இருந்த 1974 பீப்பாயின் வலு 52. அதிலிருந்து 34 லிட்டரை எடுத்துச் சேர்த்தபோது வலு 42-க்கு வந்தது. சரக்கு பிழைத்தது. ஆனால் கலவையின் வயது எப்போதும் அதில் உள்ள இளையதின் வயதுதான். எனவே 1953 அன்றோடு 1974 ஆகிவிட்டது. கலந்துவிட்டு மூவரும் வெகுநேரம் பேசாமல் அந்தப் பீப்பாயின் அருகிலேயே நின்றார்கள்.

இந்த விதியை நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் நல்லெண்ணத்தோடு செய்யும் ஒரு காரியத்தில் முழுச் சொத்தும் போய்விடும். பீப்பாய் குறைந்துவிட்டதே என்று புதிய சரக்கை ஊற்றி நிரப்பக்கூடாது. இங்கே வயதைப் பிறந்த தேதியால் கணக்கிடுவதில்லை. வடிப்புக்காலம் முடிந்த ஏப்ரல் 1 அன்று எல்லாச் சரக்கும் "கணக்கு 0" ஆகும், அடுத்தடுத்த ஏப்ரல் 1 அன்று ஒவ்வொரு படி ஏறும். சீசாவில் வயதைக் குறிக்கும் தரப்பெயர்களில், வி.எஸ். என்று விற்கக் கணக்கு 2, வி.எஸ்.ஓ.பி. என்று விற்கக் கணக்கு 4 வேண்டும். எக்ஸ்.ஓ.வுக்கு முன்பு 6 போதுமாயிருந்தது. 2018 ஏப்ரல் முதல் 10 ஆனது. 1946-இல் அமைந்த கொன்யாக் தொழில் வாரியம் இந்தப் பதிவேடுகளைச் சரிபார்க்கிறது. அறுபது ஆண்டுச் சரக்கில் கணக்கு 4-இல் உள்ளதை ஒரு குடம் ஊற்றினாலும் பதிவேட்டில் முழுப் பீப்பாயும் 4-க்கு இறங்கிவிடும்.

ஆண்டைச் சீட்டில் அச்சிட்டு விற்பது இன்னும் கடினம். அதற்குத் தொடக்கத்திலிருந்து முறையாகப் பதிவான, கண்காணிப்பில் இருந்த பீப்பாயாக இருக்க வேண்டும். எங்களுடைய பதினெட்டுத் தெளிவான ஆண்டுகளில், பதிவேட்டோடு பொருந்தியவை ஒன்பதுதான். மற்றவை நல்ல சரக்குதான், உண்மையான வயதுதான். ஆனால் சுண்ணக்கட்டி எழுத்து சாட்சி ஆகாது. பழைய இருப்பு அறிக்கைகள், வடிப்பு அறிவிப்புகள், பெரிய நிறுவனத்துக்கு எழுதிய கடிதங்கள் எல்லாம் சமையலறைப் பரணில் பிஸ்கெட் டப்பாக்களில் இருந்தன. அவற்றில் ஒரு டப்பா நீர் கசிந்து கூழாகிவிட்டது. பீப்பாய்க்குக் கொடுக்கும் கவனத்தில் பாதியையாவது காகிதத்துக்கும் கொடுத்திருக்க வேண்டும்.

குறிகளில் ஒன்று எங்களைப் பல வாரம் அலைக்கழித்தது. பதினேழாம் பீப்பாயில் பே, எம் என்ற இரண்டு எழுத்துகள் மட்டும் இருந்தன. தோட்டத் துண்டின் பெயரா, வாங்கியவரின் பெயரா என்று நாங்கள் யோசித்துக்கொண்டிருந்தபோது, மாமனாரின் தொண்ணூற்றொரு வயது அத்தை, "பூர் மரியாழ்" என்றார். கல்யாணத்துக்காக என்று பொருள். என் நாத்தனார் பிறந்த குளிர்காலத்தில், அவருடைய திருமணத்துக்கு விற்கவென்று எடுத்துவைத்த பீப்பாய் அது. நாத்தனார் 1968-இல் பிறந்தவர். அவர் போர்தோவில் நகராட்சிப் பதிவோடு எளிமையாகத் திருமணம் செய்துகொண்டதால், பீப்பாய் திறக்கப்படாமலே இருந்துவிட்டது. 1950-களிலும் 60-களிலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 உயர்ந்து, பிறகு படிப்படியாகக் குறைந்தது. அந்தந்த ஆண்டுத் திராட்சையில் அது பதிந்திருக்கும் என்பதால், ஆய்வகத்தில் காலத்தை ஓரளவு கணிக்கலாம். கணிப்பு அறுபதுகளின் இறுதியைக் காட்டியது. அதுவரை எல்லாவற்றையும் விற்றுப் பணமாகப் பிரித்துக்கொள்ளலாம் என்று சொல்லிவந்த நாத்தனார், அந்த அறிக்கையைப் படித்துவிட்டு, தன் பங்கில் அந்தப் பீப்பாய் இருக்க வேண்டும் என்று மட்டும் கேட்டார்.

பங்கு என்று வரும்போது சட்டத்தைப் பேசாமல் இருக்க முடியாது. பிரான்சில் பிள்ளைகளைத் தவிர்த்து எழுதிவைக்க முடியாது. மூன்று பிள்ளைகள் இருந்தால் சொத்தில் முக்கால் பாகம் சட்டப்படி அவர்களுடையது. வாரிசு அறிக்கையையும் வரியையும் இறந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். கிடங்கில் இருப்பது பணமல்ல, ஆனால் வரி பணமாகக் கேட்கும். பல குடும்பங்கள் இந்த ஆறு மாத நெருக்கடியில்தான் தாத்தாவின் பீப்பாய்களை முதலில் வந்த வணிகரிடம் அவசரமாகக் கொடுத்துவிடுகின்றன. தொழிலை வாரிசுகள் தொடர்ந்து நடத்துவதாக உறுதி கொடுத்தால், தொழிலின் மதிப்பில் முக்கால் பங்குக்கு வரிவிலக்குத் தரும் துத்ரேய் ஒப்பந்தம் என்ற ஏற்பாடு இருக்கிறது. பெற்றோர் உயிரோடு இருக்கும்போதே பிள்ளைகள் எல்லோரையும் உட்காரவைத்துப் பிரித்துக்கொடுக்கும் கொடைப் பத்திரமும் இருக்கிறது. இரண்டையும் முன்கூட்டியே நோத்தேரிடம் கேட்டுச் செய்திருந்தால், நாங்கள் நான்கு பீப்பாய்களை விற்றிருக்க வேண்டியதில்லை.

அந்த நான்கை விற்றதிலும் கற்றுக்கொண்டோம். முதலில் வந்த வணிகர் ஒருவர் மாதிரிச் சீசாக்களை வாங்கிச் சென்று, மூன்று வாரம் கழித்து, சரக்கில் மரக்கசப்பு மிகுதி என்று சொல்லி விலையைப் பாதியாகக் குறைத்தார். எங்களிடம் இணைச் சீசா இல்லாததால் எதிர்வாதம் செய்ய முடியவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பீப்பாய்க்கும் மூன்று சீசாக்களை ஒரே நேரத்தில் எடுத்து, மூடி முத்திரை வைத்து, ஒன்றை வணிகருக்கும் ஒன்றை ஆய்வகத்துக்கும் கொடுத்து, ஒன்றை வீட்டில் வைத்துக்கொண்டோம். மூன்று வணிகர்களிடம் தனித்தனியாகக் கேட்டோம். விலையை லிட்டருக்கு அல்ல, தூய சாராய லிட்டருக்குப் பேச வேண்டும் என்பதையும் அப்போதுதான் அறிந்தோம். 60 விழுக்காட்டுச் சரக்கும் 45 விழுக்காட்டுச் சரக்கும் ஒரே லிட்டர் அல்ல. இவை நடந்துகொண்டிருக்கும்போதே 2017 ஏப்ரல் இறுதியில் உறைபனி வந்து இளந்தளிர்களைக் கருக்கியது. அந்த ஆண்டு விளைச்சல் பாதியாகியது. மேல்தளத்துப் பீப்பாய்கள் எதற்காக இருந்தன என்பது அப்போதுதான் எனக்கு முழுமையாகப் புரிந்தது.

கண்ணாடிச் சாடிகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். மரத்தில் இருக்கும் வரைதான் சரக்கு முதிரும். ஐம்பது அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு மரம் கொடுப்பதைவிட எடுப்பது அதிகம். வாதுமை, காளான், பழைய தோல் ஆகியவற்றை நினைவூட்டும், ரான்சியோ எனப்படும் மணம் நிறைந்து, கசப்பு தலைதூக்குவதற்கு முன்பு சாடிக்கு மாற்றிவிட்டால், அது அப்படியே நின்றுவிடும். சாடியை நிமிர்த்தியே வைக்க வேண்டும், தக்கையைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். எங்கள் ஒன்பது சாடிகளில் இரண்டின் தக்கைகள் பொடிந்து உள்ளே விழுந்து, சரக்கில் ஈர அட்டையின் நாற்றம் ஏறிவிட்டது. எவ்வளவு வடிகட்டியும் அது போகவில்லை.

நாவும் மூக்கும் காகிதத்தில் ஏறாதவை என்பதும் உண்மை. ஹென்னெஸியில் ஃபிலியூ குடும்பத்தினர் தலைமுறை தலைமுறையாகக் கலவைப் பொறுப்பில் இருந்துவருகிறார்கள். 2017-இல் யான் ஃபிலியூவிடமிருந்து அவருடைய உடன்பிறந்தார் மகன் முறையில் உள்ள ரெனோ ஃபிலியூ த ழிரோந்த் அப்பொறுப்பை ஏற்றார். அவ்வளவு பெரிய நிறுவனத்திலேயே பல ஆண்டுகள் பக்கத்தில் இருந்து சுவைத்துத்தான் இது கைமாறுகிறது என்றால், எங்களைப் போன்ற சிறு குடும்பம் மட்டும் ஒரு நாள் பாடத்தில் எப்படிப் பெற முடியும்? ஆகவே ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 1 அன்று மூவர் குடும்பமும் பிள்ளைகளோடு கிடங்கில் கூடுகிறோம். பிள்ளைகள் குடிப்பதில்லை, முகர்வதோடு சரி. ஒவ்வொரு பீப்பாயின் தக்கையைக் கழற்றி, அளவுகோல் விட்டு உயரம், வெப்பம், வலு, இருக்கும் இடம், மணம் ஆகியவற்றைத் தடித்த அட்டைப் பதிவேட்டில் மையால் எழுதுகிறோம். அதன் நகல் நோத்தேரிடமும் இருக்கிறது.

இப்போது மீண்டும் கடினமான காலம். ஐரோப்பிய பிராந்தி மீது சீனா 2025 ஜூலையில் இறுதி வரியை விதித்தது. அதற்கு முன்பிருந்தே ஏற்றுமதி இறங்கிவந்தது, பெரிய நிறுவனங்கள் வாங்கும் அளவைக் குறைத்தன, கொடிகளைப் பிடுங்கும் பேச்சும் ஊரில் எழுந்தது. பழைய பீப்பாய்களுக்கு விலை கேட்டு வணிகர்களும் வந்து போகிறார்கள். அவர்களிடம் பதிவேட்டைக் காட்டிப் பேச முடிவதால் முன்போல் எங்களுக்கு அச்சம் இல்லை.

பதினேழாம் பீப்பாயின் சுண்ண எழுத்துகள் அழிந்துவிடாமல் இருக்க, அவற்றின் மேல் சிறு கண்ணாடித் துண்டு ஒன்றைப் பொருத்தியிருக்கிறோம். சென்ற ஏப்ரலில் அதை அளந்தவர் நாத்தனார்தான். வலு 47.2 என்று எழுதினார். இரண்டு துளியை உள்ளங்கையில் விட்டுத் தேய்த்து முகர்ந்து, என் மகளின் கைகளிலும் இரண்டு துளி விட்டார். பிறகு அதே வரியில், "மேல்தளத்துக்கு மாற்றவும், இன்னும் மூன்று ஆண்டு மரத்தில்" என்று சேர்த்தார்.